முன் சீட்டுக்கு எதிரே ஒரு பிள்ளையார்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தப்பாகச் சொன்னால், அதைக் கேட்டு யாராவது தப்பாகவே செய்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

சீடர், என் வீட்டுக்காரர். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர்.

குரு, போத்தனூர் ரெஜினா டீச்சர். என் வீட்டுக்காரரைவிட வயதில் நன்றாக இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, கார் சாமான்களுக்குக் கார்பன் துணி போர்த்தக் கற்றுக்கொடுக்கிறார்.

கார்பன் துணி, பாய் முடைந்த மாதிரி, கன்னங்கரேலென்று இருக்கும். அதைக் காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சாமான்கள்மேல் ஒட்டி, ரெசின் என்கிற பசையை மேலே பூசிக் காயவிடுவார்கள். காய்ந்தால் கண்ணாடி மாதிரி மின்னும். கல் மாதிரி இறுகும்.

மின்னுவதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

டீச்சர் எப்போதும் முகத்தில் பெரிய மாஸ்க் போட்டிருப்பார். இரண்டு பக்கமும் டப்பா வைத்தது. பேச வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் நெடியும் தூசும் உள்ளே போகும். அதனால் பேசமாட்டார். முக்கால்வாசி கையால்தான் பதில்.

முதல் தடவை போனபோது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"டீச்சர், பளபளப்பு வரமாட்டேங்குதுங்க."

டீச்சர், அவர் கொண்டுபோன கியர் மூடியை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஓர் உப்புத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தேச்சனுங்க."

அதைவிட நைஸான தாள் ஒன்றை வைத்தார்.

"அதுலயும் தேச்சனுங்க."

இன்னொன்று.

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் தலையாட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"பார்த்தியா? ஒரு வார்த்தை பேசலை. என்ன ஞானம்!"

"தேய்க்கச் சொன்னாங்க. அதுல என்னுங்க ஞானம்?"

"உனக்கு எங்க புரியும்? ஆறாவதோட நின்னவ."

ஆறாவதோடு நான் ஆசைப்பட்டா நின்றேன்? தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்தினார்கள். முப்பது வருஷமாக இதே பேச்சு. பால் பொங்கினாலும் ஆறாவது, கரண்ட் போனாலும் ஆறாவது.

அது இருக்கட்டும்.

டீச்சர் ஷெட்டில் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். மாஸ்க் போடு. கையுறை போடு. திறந்த இடத்தில் செய். சமைக்கும் இடத்தில் செய்யாதே.

தமிழில்தான் எழுதியிருந்தது. ஆறாவதோடு நின்ற நானே எழுத்துக்கூட்டாமல் படித்தேன்.

என் வீட்டுக்காரர் நேராக சமையல்கட்டுக்கு வந்தார்.

"இங்கதான் புகை போற ஃபேன் இருக்குது" என்றார்.

என் தோசைக் கரண்டியால் ரெசினைக் கலக்கினார். என் ஊறுகாய் ஜாடியில் ஊற்றி வைத்தார். அது அடுப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் புகைந்தது. நான் அலறினேன்.

"கத்தாத. அது அப்படித்தான். கெமிஸ்ட்ரி" என்றார்.

ஜாடி விரிசல் விட்டது. அதில்தான் என் அம்மா வீட்டு நார்த்தங்காயைப் போட்டு வைப்பேன். யாரிடம் சொல்ல?

காய்ந்ததைத் தேய்த்தால் கறுப்புத் தூசு பறந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றில் தூசு. துவைத்த துணியில் தூசு. மீந்த கார்பன் துணியை வீணாக்கக் கூடாது என்று என் அஞ்சறைப் பெட்டி மூடிக்கும் போர்த்திவிட்டார். மூடி தடித்துப்போய் பெட்டிமேல் உட்காரவில்லை. சீரகம் நமத்துப்போயிற்று.

"மூடியைப் பாரு, மூடியை! ரேஸ் காராட்டம் இல்ல?"

"ரேஸுக்கா போகுது சீரகம்?"

அவர் கேட்கவில்லை. மகள் தாரணி மாசமாக இருந்தாள். பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குள் கார் முழுக்கப் போர்த்திவிட வேண்டும், சம்பந்தி வீட்டில் எல்லோரும் அசந்துபோக வேண்டும். அதுதான் அவர் தவம்.

தாரணிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். முன் சீட்டில்தான் வருவாள்.

என் பயம் அங்கேதான் தொடங்கியது.

மறுபடி போத்தனூர் போனோம்.

"டீச்சர், கதவுக்குப் போட்டாச்சு, கியருக்குப் போட்டாச்சு. முன் சீட்டுக்கு நேர் எதிர்ல டேஷ்போர்டுல ஒரு பலகை வருதுல்லீங்க? அதுக்கும் போட்டரலாங்களா?"

டீச்சர் மாஸ்க்கைக் கழற்றினார். அன்றுதான் அவர் முகத்தை முதல் தடவை பார்த்தேன்.

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஏர்பேக்குங்க."

"எப்ப வெளிய வரும்?"

"வண்டி எங்கயாச்சும் மோதுனா, காத்து ரொம்பி டப்புனு வரும்."

"எந்த வழியா?"

"அந்தப் பலகையைக் கிழிச்சுட்டுத்தான்."

"அப்ப?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரே ஒரு அடுக்கு மட்டும் போட்டா?"

டீச்சர் மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். கடையில் வாங்கும் சாதாரண பிஸ்கட் பாக்கெட். அதைச் சுற்றிலும் ஓர் அடுக்கு கார்பன் போர்த்தி இறுக்கியிருந்தார். ஆட்டினால் உள்ளே பிஸ்கட் உருளும் சத்தம் கேட்டது.

பிரித்துச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு கையை ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஒரு தட்டுக்குள் பிரித்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! மடிப்புல கூட ஒரு சுருக்கம் இல்லீங்களே!"

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தார்.

"அதைப் பிரிக்கச் சொன்னாங்க" என்றேன்.

"சாம்பிள் குடுத்தாங்க."

"கையைத் தட்டுனாங்களே?"

"பாராட்டுனாங்க. இத்தனை நாள்ல ஒருத்தனும் மடிப்பைக் கவனிச்சிருக்க மாட்டான்."

"வேண்டாம்னு வாயைத் திறந்தே சொன்னாங்களே!"

"அது புதுசா கத்துக்கறவனுக்குச் சொல்றது."

பலகை கழற்ற வரவில்லை. காரிலேயே வைத்துப் போர்த்தினார். உப்புத் தாளால் தேய்த்தார், ரெசின் பூசினார், துணி ஒட்டினார், மேலே மறுபடி ரெசின். அங்கே ஆங்கிலத்தில் ஏதோ அழுத்தமாக எழுதியிருந்தது. அது முதல் பூச்சிலேயே மறைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தன் முன்னால் இருக்கும் ஸ்டியரிங் நடுவில் அவர் போடவில்லை.

"அதுல ஏனுங்க போடலை?"

"போட்டா ஹாரன் அமுங்காது."

ஹாரன் அமுங்காது என்பது தெரிகிறது. பலகை கிழியாது என்பது தெரியவில்லை.

அந்தப் பலகைமேல் ஒரு பிள்ளையார் இருந்தார். பித்தளை. கார் வாங்கிப் பூஜை போட்ட அன்றே பசைத் தாள் வைத்து ஒட்டியது. ஊரில் எல்லாக் காரிலும் அவர் அங்கேதான் இருக்கிறார். போர்த்துவதற்காக என் வீட்டுக்காரர் அவரைப் பெயர்த்து எடுத்திருந்தார். பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் தடவையாகக் குருவிடம் போனோம்.

"டீச்சர், இவரை ரெசின்லயே வெச்சு, பழைய இடத்துலயே ஒட்டிரலாம்னு பார்க்கறனுங்க. கல்லாட்டம் புடிச்சுக்கும். அப்புறம் அங்கிருந்து எங்க போயிருவாரு?"

டீச்சர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். நடந்து வந்தார். பிள்ளையாரைப் பார்த்தார். கையுறை போட்ட விரலை நீட்டி, என் வீட்டுக்காரர் நெற்றியில், விபூதிக்கு நடுவில், வைத்து அழுத்தினார்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் திரும்பிப் போய் வேலையை எடுத்துக்கொண்டார்.

விபூதியில் கறுப்பாக ஒரு பொட்டு. படுக்கப் போகிறவரைக்கும் அவர் அதைத் துடைக்கவில்லை. கம்பெனி நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"தீட்சை குடுத்துட்டாங்க, முத்துக்குமாரு. எங்க வெக்கறதுன்னு கேட்டேன். புருவ மத்தியைத் தொட்டுக் காட்டுனாங்க. அவங்க வேற மதம், பாரு. ஞானத்துக்கு ஏது மதம்?"

"எங்க வெக்கறதுன்னு நீங்க கேட்கலீங்களே" என்றேன். "எங்க போவாருன்னு கேட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா?"

"நீ போய் இட்லி ஊத்து."

பிள்ளையாரை ரெசினில் பதித்து ஒட்டிவிட்டார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கற்பூரம் காட்டினார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பலகை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் ஒரு நாள், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி நான் மட்டும் போத்தனூர் போனேன்.

கோபத்தோடுதான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது?

டீச்சர் ஏதோ ஒரு கதவுக் கைப்பிடிக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நீங்க ஏனுங்க இப்படிப் பண்றீங்க? சாமியாருங்களாட்டம் விரலைக் காட்டுனா, பாக்கெட்டை நீட்டுனா, எங்க வீட்டுக்காரருக்கு என்ன புரியும்? கதையில வர்ற குருவுங்க எல்லாருமே இப்படித்தான். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துரும்? எம் பொண்ணு அந்த சீட்டுல வரப்போறா. வயித்துப் புள்ளையோட வரப்போறா!"

பசை இறுகுவதற்குள் துணியை நேர்செய்ய வேண்டும். அவர் கையை எடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க நின்றேன். துணி ஒட்டி முடிந்தது. கையுறையை உருவினார். மாஸ்க்கைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"சொன்னேனேக்கா. வேண்டாம்னு."

"கேட்கலீங்களே!"

"ஆமா."

"கையைப் புடிச்சு நிறுத்தியிருக்கோணும்."

"வேலை எங்க நடந்துச்சு?"

"எங்க வீட்டுல. என்ர சமையல்கட்டுல ஆரம்பிச்சு."

டீச்சர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"நான் சொன்னா யாருங்க கேட்கறாங்க? ஆறாவது படிச்சவ. பயந்தாங்கொள்ளி. பல்லி கத்துனாலே பயப்படறவ. எங்க வீட்டுல எனக்கு அதான் பேரு."

"இப்ப எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுல."

"கார் இல்லையா?"

"அந்த முன் சீட்டுல உட்கார எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அவருக்கு?"

"அவருக்கு என்ன பயம்? ஓட்டறவரு. அந்த சீட்டுல அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததே இல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது மாதிரி இருந்தது.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார்.

"இதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேனா?" என்று சத்தமாகவே கேட்டேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பினேன்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தாரணியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். சந்தனம், குங்குமம், கட்டுச்சோறு. எல்லாப் பெண்களும் அவள் கன்னத்தைத் தடவினார்கள்.

புறப்படும் நேரம். கார் வாசலில் நின்றது. சம்பந்தி வீட்டு ஜனம் முழுக்கக் காரைச் சுற்றி.

"ஏனுங்க மச்சான், பிளேன்ல ஏறுன மாதிரி இருக்குதுங்களே!"

"எல்லாம் நானே போட்டது. வீட்டுலயே."

"பிள்ளையாரு கண்ணாடியில நிக்கற மாதிரி நிக்கறாரே!"

"இனி பூகம்பமே வந்தாலும் அசைய மாட்டாரு."

சம்பந்தியம்மா தாரணியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். "முன்னாடி உட்காரு கண்ணு. வாயும் வயிறுமா இருக்கறவ, பின்னாடி உட்கார்ந்தா குமட்டும்."

என் வீட்டுக்காரர் முன் கதவைத் திறந்து, ராஜா வீட்டுச் சேவகன் மாதிரி குனிந்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள்.

அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"இரு" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா?"

என்ன சொல்வது? ஏர்பேக் என்று ஆரம்பித்தால் ஆறாவது என்று முடியும். வேண்டாம் என்றால், நல்ல காரியத்தில் அபசகுனம் என்பார்கள். அப்போதுதான் போத்தனூரில் என் வாயாலேயே சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"மாப்பிள்ளை" என்றேன். "வண்டியை நீங்க எடுங்க."

மாப்பிள்ளை நவநீதன் விழித்தார். "ஏனுங்க அத்தை? மாமா நல்லாத்தானே இருக்காரு?"

"இவ்வளவு பாடுபட்டுப் போட்டிருக்காரு. ஒரு நாளாவது அந்த சீட்டுல உட்கார்ந்து அழகு பார்க்க வேண்டாமா? ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருந்தா என்ன தெரியும்?"

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கறே" என்றார்.

தாரணி காலை எடுத்துக்கொண்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங் பக்கம் ஏறினார். நான் முன் கதவைச் சாத்தி, ஜன்னல் பக்கம் குனிந்தேன்.

"எப்படி இருக்குதுங்க?"

"முகமே தெரியுது. என்ர கையாலயா இது!"

"பெல்ட் போடுங்க."

போட்டார்.

"கொஞ்சம் முன்னாடி வாங்க. தாரணிக்கு வயிறு முன்னாடி இருக்கும் பாருங்க. அவ கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவா. ஆங், அப்படி. இப்ப சாமி நேரா இருக்காருங்களா?"

"நேரா இருக்காரு."

"கெட்டியா இருக்காருங்களா?"

"கல்லாட்டம்."

"பலகை?"

"அதுவும் கல்லாட்டம்தான்."

"ஏனுங்க, பலகைக்குப் பின்னால இருந்து ஒரு தள்ளு விழுந்தா, சாமி அங்கிருந்து எங்க போவாரு?"

அவர் சிரித்தார். பதில் சொல்ல வாயெடுத்தார்.

வலது கை தானாக மேலே போயிற்று. பெண்கள் வைத்துவிட்டிருந்த குங்குமத்தின்மேல் விரல் நின்றது. டீச்சர் விரல் வைத்த அதே இடம்.

விரல் அங்கேயே நின்றது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

மாப்பிள்ளை சாவியைத் திருகப் போனார்.

"மாப்பிள்ளை, இருங்க இருங்க. எடுக்காதீங்க."

பெல்ட்டைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை. நான்தான் கைவிட்டு அமுக்கினேன். இறங்கினார். பலகையைப் பார்க்கவில்லை. தாரணியின் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னுங்க மச்சான், இறங்கிட்டீங்க?"

"நான் பின்னாடி உட்கார்ந்துக்கறனுங்க."

"ஏனுங்க, உங்களுக்கும் மசக்கையா?" என்றார்கள் சம்பந்தியம்மா. வாசலே சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பின் கதவைத் திறந்தார்.

நான் தாரணியைப் பின் சீட்டில், ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியிலும் மேல்பட்டையை வயிற்றுக்கு மேலேயும் வரும்படி இழுத்து மாட்டினேன்.

"குமட்டுமேம்மா."

"குமட்டட்டும். பை வெச்சிருக்கறேன்."

அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"முன் சீட்டு சும்மாதானே போகுது? என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டருங்க."

"ஆள் இருக்குதுங்க" என்றேன்.

"யாரு?"

என் பையில் கைவிட்டேன். காலையில் புறப்படும்போது ஷோகேஸிலிருந்து ஏன் எடுத்து வைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டீச்சர் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து முன் சீட்டில் வைத்தேன். அதன்மேல் பெல்ட்டை இழுத்து மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, பின்னால் போய் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.